சம்பந்தியம்மா கொண்டுவந்த மூட்டை

சம்பந்தியம்மா காரின் பின்கதவைத் திறந்ததும் புயலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆற்றில் கொஞ்ச நேரம் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகை ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது என்றுதான் பேச்சு. உள்ளே இருந்ததைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தவர் போலிருந்தது. இரண்டு லைஃப் ஜாக்கெட், இரண்டு விசில், சுருட்டிக் கட்டிய கயிறு, படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைக்கும் கைப் பம்ப், பாதிப் பாதியாகக் கழற்றிய உபரித் துடுப்பு, ஊதினால் தலையணை போல உப்பிக்கொள்ளும் பை, தண்ணீர் புகாத பெரிய மூட்டை, ஃபிளாஸ்க், டார்ச், மருந்துப் பெட்டி. சம்பந்தியம்மா ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் விரித்த துணியின் மேல் வரிசையாக அடுக்கினார்.

‘கட்டிலும் பீரோவும்தான் பாக்கி’ என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, “இவ்வளவும் எதுக்குங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“இருக்கட்டுமே. தேவைப்படலைன்னா திரும்பக் கொண்டுபோயிடலாம்.”

பேச்சு அதோடு முடிந்தது. சம்பந்தியம்மாவிடம் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடியும். அறுவை சிகிச்சை அறையில் நர்ஸாகக் காலமெல்லாம் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் நோயாளியைத் தைப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணியே பழகிய கை. பேச்சையும் எண்ணித்தான் செலவழிப்பார்.

இவள் அதற்கு நேர் எதிர். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருந்தாள். காலையில் கத்தரியை எடுத்தால் சாயங்காலம் கீழே வைக்கும் வரை அவள் வாய் ஓயாது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் பேச்சைக் கேட்கவே வருகிறார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். கடைக்கு விடுமுறை விடும் நாளில் ஆற்றுக்கு வந்துவிடுவாள். படகு கிளப்பில் அவளுக்குப் புயலக்கா என்று பெயர். அவ்வளவு வேகமாகத் துடுப்பு போடுவாள். ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் அவள் சாமான். கிளப்பில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மடித்து உட்காருமிடத்தில் போட்டுக்கொள்வாள். உட்கார மெத்தென்று இருக்கும்.

இரண்டு பேரும் சம்பந்திகள் ஆகி மூன்று வருஷம் ஆயிற்று. இவள் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் இரண்டு வீடும் ஒரே ஊரில் இருந்தும், போக்குவரத்து என்னவோ போன் அளவில்தான். “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு. நீங்க?” அதைத் தாண்டி ஒரு வார்த்தை நகராது. சம்பந்தியம்மாவின் கணவர் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். தனியாக இருக்கிறாரே, ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று இவளும் நினைப்பாள். நினைத்ததோடு சரி. போய் என்ன பேசுவது?

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் கூப்பிட்டு, “உங்ககூட ஒரு தடவை படகுல வரலாமா?” என்று கேட்டதும், “தாராளமா வாங்க!” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“போச்சு. இனிமே எனக்கு இருந்த ஒரு நாளும் போச்சு.”

“பாத்துக் கூட்டிட்டுப் போ” என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளை இறக்காமலே. “அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மாமியாரை அம்மாவே ஆத்துல தள்ளிவிட்டுட்டாங்கன்னு உன் பொண்ணு ஊரெல்லாம் சொல்லுவா.”

இப்போது அந்தச் சம்பந்தியம்மா கையில் லைஃப் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி.

“நான் போட்டுக்கறதில்லைங்க. சின்ன வயசுலயே இந்த ஆத்தைக் குறுக்க நீந்தினவ நான்.”

“தெரியும். உங்க பொண்ணு சொல்லியிருக்கா. ஆனாலும் எனக்காகப் போட்டுக்குங்க சம்பந்தியம்மா.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் படகைத் தண்ணீரில் தள்ளியிருப்பாள். கிளப் தலைவர் இதையே பலமுறை சொல்லி ஓய்ந்துபோனார். ஆனால் பெண் வாழப்போன வீட்டுப் பெரியவர், முதன்முதலாக நேரில் ஒன்று கேட்கிறார். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று எப்படிச் சொல்வது? கையை நுழைத்தாள். சம்பந்தியம்மா பக்கப் பட்டைகளை இழுத்து இறுக்கினார். பிறகு பின்னால் போய், இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். காது வரைக்கும் ஏறியது. மறுபடி இறுக்கினார். இந்தத் தடவை அசையவில்லை.

“பார்சல் கட்டியாச்சா?” என்று கேட்டாள், கொஞ்சம் எரிச்சலோடு.

“கட்டியாச்சு” என்றார் அவர். சிரிக்கவில்லை.

படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர் தூரத்தில் நின்று மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். புயலக்காவை யாரோ ஒருத்தர் இழுத்துக் கட்டுவதை அவர் அன்றுதான் பார்க்கிறார். சம்பந்தியம்மா அவரிடம் போய், எங்கே போகிறோம், எந்த வழியாகத் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தார். புயலக்காவுக்கு வெட்கமாகப் போயிற்று. கடைத்தெருவுக்குப் போகிற பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது போல இதென்ன?

ஆனாலும் தண்ணீரில் இறங்கியதும் மனசு இளகிவிட்டது. வெயில் இதமாக முதுகில் விழுந்தது. குளிர்காலம் போய்விட்டதென்று வெயில் சொன்னாலும் தண்ணீர் அதை நம்பவில்லை. விரலை விட்டால் சுள்ளென்று குத்தியது. சம்பந்தியம்மாவின் படகு மூட்டை முடிச்சுகளோடு மெதுவாக, ஆனால் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. முதல் தடவை வருகிறவர்கள் ஓட்டுவது போல வட்டமடிக்கவில்லை. ‘பரவாயில்லையே’ என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆறு கடலோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அகன்று பெரிய ஏரி போல ஆகிவிடும். நடுவில் ஒரு மணல்மேடு. அதைத் தாண்டி எதிர்க்கரையில் பாழடைந்த சரக்குத்துறை. அதன் தூண்களுக்கு நடுவே புகுந்து போவது புயலக்காவுக்கு விளையாட்டு. சம்பந்தியம்மாவையும் அழைத்துப் போனாள். தூண் ஒன்றில் தலை சிலிர்த்த நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“ராத்திரி டியூட்டி முடிச்சு வந்த டாக்டர் மாதிரியே இருக்கு” என்றார் சம்பந்தியம்மா.

புயலக்கா துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவுக்கு ஜோக் சொல்லத் தெரியுமா! இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரித்ததில்லை.

திரும்பும்போது காற்று மாறியிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள் எழுந்தன. இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். மணல்மேட்டைத் தாண்டியதும் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய படகு ஒன்று, அத்தகைய படகுகளுக்கென்று ஆழப்படுத்திய வாய்க்கால் வழியே கடந்து போனது. அது போன பிறகுதான் அதன் அலை வரும் என்பதும், அலை வரும்போது படகின் மூக்கை அதை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதும் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் உடம்பைப் பின்னால் திருப்பி, வாய்கொள்ளாச் சிரிப்போடு கத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன சம்பந்தியம்மா, மூட்டை பின்னால இழுக்குதா?”

அலை பக்கவாட்டில் வந்து தூக்கியது. வானம் சாய்ந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

குளிர் தோலில் பட்டதாகத் தெரியவில்லை, நேராக நெஞ்சுக்குள் புகுந்து பிடித்தது. எப்படியோ காலை உதறிப் படகிலிருந்து வெளியே வந்துவிட்டாள். மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்று அவள் நினைப்பதற்குள் மூச்சு தானாக இழுத்தது. மறுபடி இழுத்தது. நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. வாய்க்குள் பாதி காற்றும் பாதி தண்ணீரும் போனது. நீந்து, நீந்து என்று தலை சொன்னது. ஆற்றைக் குறுக்கே கடந்த அந்தக் கைகள் இரண்டும் யார் வீட்டுக் கைகளோ என்பது போல மிதந்தன.

மூழ்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இறுக்கிக் கட்டிய ஜாக்கெட் அவளைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியது போல, மோவாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. அவள் ஒன்றுமே செய்யவில்லை. அதுவாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

கவிழ்ந்த படகு காற்றில் அவளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு இன்னொரு பக்கம் போனது.

“என்னைப் பாருங்க.”

சம்பந்தியம்மாவின் குரல் உரக்கக்கூட இல்லை. ஆனால் அதைக் கேட்டுத் திரும்பாமல் இருக்க முடியாது. அவர் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் வெளுக்கவில்லை.

“நீந்தாதீங்க. நீந்த வேண்டாம். ஜாக்கெட் பாத்துக்கும். மூச்சை மட்டும் நீங்க பாருங்க. சூடா இருக்கற டீயை ஊதுவோம் இல்ல, அப்படி ஊதுங்க. ஊதுங்க. இன்னொரு தடவை.”

ஊதினாள். பல் தடதடத்தது. மறுபடி ஊதினாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

சம்பந்தியம்மா விசிலை வாயில் வைத்து விட்டு விட்டு மூன்று முறை ஊதினார். பெரிய படகு தூரம் போய்விட்டிருந்தது. கரையில் யாரும் தெரியவில்லை. இன்னொரு முறை ஊதிப் பார்த்துவிட்டு அதை விட்டார். கயாக்கின் பின்முனையை அவள் பக்கம் கொண்டுவந்து, “இந்தப் பிடியைப் பிடிச்சுக்குங்க” என்றார். பிடித்தாள். அப்புறம் அவர் செய்ததை அவள் தண்ணீரில் தொங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாதித் துடுப்பை எடுத்து, அதன் நுனியை அந்தத் தலையணைப் பைக்குள் விட்டு, வாயால் ஊதினார். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். காற்றில் படகு ஆடியது. துடுப்பின் மறுமுனையைத் தன் இருக்கைக்குப் பின்னாலிருந்த கயிறுகளுக்கு அடியில் செருகினார். படகுக்குப் பக்கவாட்டில் ஒரு கை முளைத்தது போல, அந்தப் பை தண்ணீரில் மிதந்து படகைச் சாயாமல் பிடித்துக்கொண்டது.

“இப்போ இந்தப் பக்கமா வாங்க. துடுப்பு மேல ஒரு காலைப் போடுங்க. பின்னால குப்புறப் படுத்துக்குங்க.”

“கவிழ்ந்துடும்... நீங்களும்...”

“கவிழாது. ஏறுங்க.”

முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை வயிறு வரைக்கும் ஏறினாள். சம்பந்தியம்மா பின்னால் கையை விட்டு அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பற்றி ஒரு இழு இழுத்தார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. நனைந்த மூட்டை போலப் படகின் பின்பக்கத்தில் விழுந்தாள். கன்னம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது. கண்ணெதிரே சம்பந்தியம்மாவின் முதுகு, அதில் ஒரு நனைந்த முடிக்கற்றை.

காற்றை எதிர்த்துப் போக முடியாது என்று சம்பந்தியம்மா முடிவு செய்துவிட்டார். காற்று தள்ளுகிற வழியிலேயே, மணல்மேட்டை நோக்கிப் படகைத் திருப்பினார். பக்கவாட்டில் மிதந்த பை ஒரு புறமாக இழுத்தது. ஒவ்வொரு முறை துடுப்பு போடும்போதும் அவர் ஏதோ முணுமுணுத்தார். உற்றுக் கேட்டபோதுதான் புரிந்தது. “இருக்கீங்களா? இருக்கீங்களா?” என்றுதான் கேட்டுக்கொண்டே வந்தார். “இருக்கேன்” என்றாள். மறுபடி, “இருக்கீங்களா?” மறுபடி, “இருக்கேன்.”

மணலில் படகு உரசிய சத்தம் அவள் வாழ்நாளில் கேட்ட இனிமையான சத்தங்களில் ஒன்று.

மேடு என்றால் பெரிய மேடு இல்லை. நாலு பேர் படுக்கலாம். எழுந்து நிற்க முயன்றாள், கால் துணியாகத் துவண்டது. சம்பந்தியம்மா அவளை உட்காரவைத்து மூட்டையைப் பிரித்தார்.

“ஈரத்தையெல்லாம் கழட்டணும்.”

“இங்கேயா? உங்க முன்னாடியா?”

“காலம் பூரா ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தவகிட்ட என்னங்க வெட்கம்? கையைத் தூக்குங்க.”

பட்டன் பிடிக்க அவள் விரல்கள் வரவில்லை. அவரே கழற்றினார். துண்டால் துடைத்து, கனமான ஸ்வெட்டர் ஒன்றைத் தலைவழியாகப் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் பழைய ஸ்வெட்டர். கம்பளித் தொப்பி, கால்சட்டை, தடித்த காலுறை. அதன் மேல் வெள்ளிக் காகிதம் போலப் பளபளக்கும் போர்வை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு உதட்டருகே கொண்டுபோனார். இனிப்பு தொண்டையைக் கட்டியது. அவ்வளவு சர்க்கரை.

அப்போதுதான் கவனித்தாள். கால்சட்டை அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. சம்பந்தியம்மாவைப் போல இரண்டு பேர் சேர்ந்தால்தான் அந்த இடுப்பு நிறையும்.

“இது... உங்களோடது இல்லையே.”

“இல்ல. உங்களுக்குன்னு எடுத்து வச்சது. என்னோடது இன்னொரு பையில இருக்கு.”

அவள் மூட்டையைப் பார்த்தாள். இரண்டு துண்டு. இரண்டு தொப்பி. இரண்டு கோப்பை. கொட்டகை வாசலில் கேலியாகப் பார்த்த அத்தனை சாமானிலும் பாதி அவளுக்காக வந்திருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடுக்கத்தில் அழுவதுகூடச் சரியாக வரவில்லை, விக்கல் போல வந்தது.

சம்பந்தியம்மா ஜாக்கெட்டுக்குள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த போனைப் பிளாஸ்டிக் உறையோடேயே காதில் வைத்து மீட்புப் படையினரிடம் பேசினார்.

“ஆமா, மணல்மேடு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். ரெண்டு பேர். ஒருத்தர் தண்ணியில விழுந்துட்டாங்க. பெண். ஐம்பத்து மூணு வயசு. நினைவு தெளிவா இருக்கு. நல்லா நடுங்கறாங்க. ஈரம் மாத்தியாச்சு, சூடா குடிக்கக் கொடுத்தாச்சு. காலியா ஒரு படகு மிதக்கும், அதைத் தேட வேண்டாம், அதுல யாரும் இல்ல.”

போனை வைத்ததும் புயலக்கா பல் கிடுகிடுக்கக் கேட்டாள்: “என் வயசு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க பொண்ணு சொன்னா.”

“ஊரே கேக்கற மாதிரி சொல்லணுமா? ஒரு ரெண்டைக் குறைச்சிருக்கலாம்.”

சம்பந்தியம்மா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மணலில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். “சரி, பிழைச்சுட்டீங்க” என்றார்.

மீட்புப் படகு வந்தபோது மணல்மேட்டின் ஓரத்தைத் தண்ணீர் நக்க ஆரம்பித்திருந்தது. படகிலிருந்து குதித்தவர் அவள் கண்ணையும் நாடியையும் பார்த்தார். கழற்றிப் போட்டிருந்த ஜாக்கெட்டையும் பார்த்தார். “இதைப் போட்டிருந்தீங்களா?” என்றார். தலையாட்டினாள். அந்த ஜாக்கெட்டை எடுத்து மண்ணைத் தட்டி, மடித்து, அவள் மடியில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர்தான் காரை ஓட்டிவந்தார். எதற்கெடுத்தாலும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன், அவள் கால் மேல் போர்வையை நாலைந்து தடவை சரிசெய்தார். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். அவர் எடுத்ததும் இவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

“சம்பந்தியம்மா... சாப்பிட்டீங்களா?” என்றார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

பெண்ணிடம் சொல்லாமல் மறைக்கலாமா என்று யோசித்தாள். வாய் சும்மா இருந்தால்தானே. மறுநாளே சொல்லிவிட்டாள்.

“அம்மா, அத்தையா? எங்க அத்தையா உன்னைத் தூக்கினாங்க? அவங்களுக்குத் தண்ணின்னாலே பயமாச்சேம்மா! கடற்கரைக்குப் போனாக்கூட மணல்லயே உக்காந்திருப்பாங்க.”

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைத் திறந்த கையோடு மூடிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சம்பந்தியம்மாவின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவரின் கை ஒன்றில் கட்டு. கயிறு அறுத்திருந்ததாம். அதுகூட இவளுக்குத் தெரியாது. வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவரின் பின்னாலேயே இவளும் சமையலறைக்குப் போய்விட்டாள். துவைத்த ஈரத் துணிகளும், கயிறும், அந்தத் தலையணைப் பையும் ஜன்னலோரம் தொங்கின.

“உங்களுக்குத் தண்ணின்னா பயமாமே?”

சம்பந்தியம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, “இப்பவும் பயம்தான்” என்றார்.

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

அவர் டீத்தூளை அளந்து போட்டார்.

“வேலை முடிஞ்ச பிறகு இந்த வீட்டுல சத்தமே இல்லைங்க. டீ கொதிக்கிறதுதான் பெரிய சத்தம். உங்க பொண்ணு போன்ல பேசும்போதெல்லாம் அம்மா இப்படிச் சிரிச்சாங்க, அம்மா அப்படிச் சொன்னாங்கன்னு சொல்லுவா. உங்களோட ஒரு நாள் இருந்து பாக்கணும்னு ஆசை. எங்கே இருப்பீங்க நீங்க? ஒண்ணு சலூன், இல்லேன்னா ஆறு. சலூனுக்கு வந்தா அரை மணி நேரத்துல முடி வெட்டி அனுப்பிடுவீங்க. அதான் ஆத்துக்கு வரலாம்னு...” கொஞ்சம் சிரித்தார். “வந்து உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது பாருங்க. டவுன் நீச்சல் குளத்துல கயாக் வகுப்பு நடத்தறாங்க. கவிழ்ந்தா என்ன செய்யணும், கவிழ்ந்தவங்களை எப்படித் தூக்கணும்னு சொல்லித் தராங்க. குளிர்காலம் பூரா போனேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு அவங்க சொன்னதைத்தான் வாங்கினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!”

“சொன்னா சிரிப்பீங்களோன்னு இருந்துச்சு.”

உண்மைதான். சிரித்திருப்பாள். சலூனில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தாள். இப்போது ஒன்றும் அகப்படவில்லை. சம்பந்தியம்மாவின் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் இருவரும் கவனித்தார்கள்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் வாந்தி எடுத்தேன்” என்றார் சம்பந்தியம்மா, துணியால் அடுப்பைத் துடைத்தபடி. “தியேட்டர்லயும் அப்படித்தான். கை எல்லாத்தையும் செஞ்சு முடிச்சப்புறம்தான் நடுங்கும்.”

“பொண்ணு உங்க வீட்டுக்கு வந்தப்போ எல்லாரும் சொன்னாங்க, நல்ல மாமியார் கிடைச்சிருக்காங்க, அவ அதிர்ஷ்டம்னு” என்றாள் புயலக்கா. “அவளோட அதிர்ஷ்டம்னுதான் நானும் இத்தனை நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அதன் பிறகு நிறைய நாள் அவள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. கொட்டகைக்காரர் அவள் படகைக் கண்டெடுத்துக் கழுவி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். உட்காரக் கால் வரவில்லை. கண்ணை மூடினால் வானம் சாய்ந்தது.

சம்பந்தியம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னாள். “அப்போ குளத்துலேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார் அவர். கடைக்குப் போய் அவள் உடம்புக்குச் சரியான ஜாக்கெட் ஒன்றை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். கடைக்காரப் பெண் அசந்து நிற்க, சம்பந்தியம்மா கடை நடுவிலேயே அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

நீச்சல் குளத்தில் வகுப்பு எடுத்தது அவள் மகளைவிடச் சின்னப் பெண். “வேணும்னே கவிழுங்க, வெளியே வாங்க, அவ்வளவுதான்” என்றாள். வெதுவெதுப்பான தண்ணீர். நின்றால் நெஞ்சளவு. முதல் நாள் அவளால் முடியவில்லை. படகின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சமாளித்து, கடைசியில் இறங்கிவிட்டாள். சம்பந்தியம்மா வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமும் முடியவில்லை. அதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம், யாரும் கவிழச் சொல்லாதபோதே, மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

தலைகீழாகத் தொங்கினாள். காதில் தண்ணீர் இரைந்தது. சுற்றிலும் நீலமாக இருந்தது. உள்ளே ஒரு நொடி தாமதித்தாள். நெஞ்சு அடித்தது, ஆனால் மூச்சு அவள் சொன்ன இடத்தில் நின்றது. மேலேயிருந்து, தண்ணீரைத் துளைத்துக்கொண்டு, பதறிப்போன ஒரு கூச்சல் கேட்டது.

“ஏய்! வாடி மேல! வந்துடுடி!”

இடுப்பை உதறி வெளியே வந்து தலையைத் தூக்கினாள். மூக்கில், கண்ணில், எல்லாம் தண்ணீர். குளத்தின் படிக்கட்டில் சம்பந்தியம்மா செருப்போடு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றார். கை வாயைப் பொத்தியிருந்தது.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க சம்பந்தியம்மா. பதட்டத்துல வாய் தவறிடுச்சு. உங்களைப் போய் வாடின்னு...”

புயலக்காவுக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்.

“தவறினது தவறினதாவே இருக்கட்டும்” என்றாள். “கையைக் குடுடி. என்னைத் தூக்கு.”